முப்பது பிள்ளைகளுக்குக் கீழே: நம் அரசுத் தொடக்கப் பள்ளிகள் இனி என்ன ஆகும்?

கரிசல்வாசி

அரசுப் பள்ளிகளைப் பற்றி இங்கே எப்போது இழை தொடங்கினாலும் அது நீட் தேர்விலோ, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி விழுக்காட்டிலோ, மும்மொழிச் சண்டையிலோ போய்ச் சிக்கிக்கொள்கிறது. மூன்றும் முக்கியமானவைதாம். ஆனால் மூன்றும் ஏற்கெனவே பள்ளிக்குள் வந்துவிட்ட பிள்ளைகளைப் பற்றிய பேச்சு. ஒன்றாம் வகுப்பில் இனி யார் வந்து சேரப்போகிறார்கள் என்று கேட்பதற்காக இந்த இழையைத் தொடங்குகிறேன்.

2025 ஆகஸ்டில் வந்த செய்தியைப் படித்திருப்பீர்கள். இருநூறுக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் 2025-26 கல்வியாண்டில் ஒரு பிள்ளைகூட இல்லை. மாநிலத்தில் 37,000-க்கு மேல் அரசுப் பள்ளிகள் இருக்கையில் இது சிறிய எண் என்று தள்ளிவிடலாம். என் கவலை அவற்றுக்கு அடுத்த வரிசையில் நிற்கும் பள்ளிகளைப் பற்றியது: பத்து, பதினைந்து, இருபது பிள்ளைகளோடு ஓடிக்கொண்டிருப்பவை. எங்கள் ஊர்ப் பள்ளியும் அந்த வரிசையில்தான் இருக்கிறது. ஒன்றாம் வகுப்பில் மூன்று பேர்.

பிறப்பு விகிதம் குறைந்துவிட்டது என்று துறை சொல்கிறது. பொய்யில்லை. மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி 2020-ல் 1.4 ஆக இருந்த தமிழ்நாட்டின் கருவள விகிதம் (ஒரு பெண்ணுக்குப் பிறக்கும் பிள்ளைகளின் சராசரி) 2023-ல் 1.3 ஆகிவிட்டது. ஆனால் பிள்ளைகள் மட்டும்தான் குறைந்தார்கள் என்றால் காலையில் ஊருக்குள் வரும் தனியார் பள்ளி மஞ்சள் வேன்களும் குறைந்திருக்க வேண்டுமே! எங்கள் பக்கம் அவை கூடியிருக்கின்றன.

கட்டடம் சரியில்லை என்று இனிச் சொல்ல முடியாது. 2021 டிசம்பரில் நெல்லையில் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்த பிறகு பழைய கட்டடங்களை இடித்தார்கள். பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தில் புதிய வகுப்பறைகள் வந்தன. காலை உணவு 2022 செப்டம்பரில் தொடங்கி, அடுத்த ஆண்டே எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. தொடக்கப் பள்ளிகளில் 22,931 திறன்மிகு வகுப்பறைகள் என்று அரசே கணக்குச் சொல்கிறது. 2025-26 வரவு செலவுத் திட்டத்தில் பள்ளிக் கல்விக்கு 46,767 கோடி ரூபாய். எல்லாம் வந்த பிறகும் வேன் ஏன் நிரம்புகிறது?

என் பதில் ஒன்றே. ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர். கல்வி உரிமைச் சட்டப்படி அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும். அந்தச் சட்டம் குறைந்தபட்சமாகச் சொன்னதை நாம் உச்சவரம்பாக்கிக்கொண்டோம். படிக்காத தாய்க்கும் இந்தக் கணக்கு தெரியும். "அங்கே ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு டீச்சர் இருக்கிறார்" என்பதுதான் எங்கள் ஊரில் வேனில் ஏற்றிவிடுபவர்கள் சொல்லும் முதல் காரணம். அந்த டீச்சரின் படிப்பு என்ன, சம்பளம் என்ன என்பதெல்லாம் பிறகு.

வகுப்புக்கு ஓர் ஆசிரியர். தலை எண்ணிக்கை எதுவாக இருந்தாலும். இதைச் செய்யாமல் மற்றவற்றைச் செய்துகொண்டே போனால், இன்னும் பத்தாண்டில் அழகான கட்டடங்கள் மிஞ்சும். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் வாருங்கள்.

ஈராசிரியர்

என் பெயரே பதில் சொல்லும். விழுப்புரம் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியை. தலைமையாசிரியரும் நானும்தான்.

இந்த 2025 நவம்பரில் எங்கள் தலைமையாசிரியர் வாக்குச்சாவடி நிலை அலுவலர். வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தப் படிவங்களைக் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய்க்கொண்டிருக்கிறார். ஆகவே இருபத்திரண்டு பிள்ளைகளும் ஒரே அறையில் என்னோடு. அடிப்படை வாசிப்புக்கும் கணக்குக்குமான எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பிரித்து, நிலைக்கு ஏற்பப் பயிற்சி நூலும் செயல்பாடும் தர வேண்டும். நல்ல திட்டம்தான், கிண்டல் செய்யவில்லை. ஆனால் ஐந்து வகுப்பு, ஒவ்வொன்றிலும் மூன்று நிலை, தமிழ், ஆங்கிலம், கணக்கு, அதற்கு மேல் நான்கு ஐந்தாம் வகுப்புக்குச் சூழ்நிலையியல். பெருக்கிப் பாருங்கள். ஆளுக்கு எத்தனை நிமிடம் வருகிறது?

இரண்டாம் வகுப்பில் ஒரு சிறுமி இருக்கிறாள். 'மரம்' என்று எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவாள். 'மரத்தில்' என்று வந்தால் 'மர' வரை வந்து, என் முகத்தைப் பார்ப்பாள். தினமும் பத்து நிமிடம் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துப் படிக்கவைத்தால் பொங்கலுக்குள் சரளமாகிவிடுவாள் என்று எனக்குத் தெரியும். அந்தப் பத்து நிமிடத்தைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன். காலையில் செயலியில் வருகைப் பதிவு. காலை உணவு சாப்பிட்டவர் எத்தனை, மதிய உணவுக்கு எத்தனை, முட்டை எத்தனை. சீருடை, காலணி, புத்தகப் பை கொடுத்ததைத் துறையின் எமிஸ் இணையதளத்தில் ஏற்ற வேண்டும். பாடத்தின் இடையிடையே வைக்கும் வளரறி மதிப்பீட்டைப் பிள்ளை பிள்ளையாகச் செயலியில் நடத்த வேண்டும்; இணையம் சுற்றிக்கொண்டே இருக்கும்போது மற்ற இருபத்தொரு பேரும் என்ன செய்வார்கள் என்று சென்னையில் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

முப்பது பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஒருங்கிணைந்த பள்ளி மானியம் ஆண்டுக்குப் பத்தாயிரம் ரூபாய். சுண்ணக்கட்டி, துடைப்பம், பினாயில், குழாய் பழுது எல்லாம் அதற்குள். அதுவும் மத்திய அரசின் நிதி நின்ற பிறகு எப்போது வரும் என்று சொல்ல முடியாது.

கரிசல்வாசி ஐயா சொல்வது சரி. ஆனால் கூடுதல் ஆசிரியர் கொடுத்தாலும், ஆகஸ்ட் முதல் தேதிக் கணக்கில் தலை குறைந்தால் உபரி என்று சொல்லிப் பணிநிரவலில் வேறு பள்ளிக்குத் தூக்கிவிடுவார்கள். அந்த விதியை முதலில் மாற்ற வேண்டும்.

கொங்குத் தகப்பன்

பூசி மெழுகாமல் சொல்கிறேன். என் இரண்டு பிள்ளைகளும் தனியார் பள்ளியில்தான் படிக்கிறார்கள். நான் படித்தது அரசுப் பள்ளியில். நன்றியில்லாதவன் என்று திட்டுவதற்கு முன் காரணத்தைக் கேளுங்கள்.

என் மகனுக்கு மூன்றரை வயதானபோது நானும் மனைவியும் வேலைக்குப் போக வேண்டியிருந்தது. அரசுப் பள்ளியின் கதவு ஐந்து வயதில்தான் திறக்கும். தனியார் பள்ளி மூன்றரை வயதிலேயே எல்.கே.ஜி.யில் சேர்த்துக்கொண்டது. இரண்டு ஆண்டு அங்கே பழகி, நண்பர்களைப் பிடித்து, 'மிஸ்' பெயரைச் சொல்லிக்கொண்டு திரியும் பிள்ளையை ஒன்றாம் வகுப்புக்கு மட்டும் யார் பிடுங்கிக்கொண்டு வந்து வேறிடத்தில் போடுவார்கள்? ஆசிரியர்கள் மாணவர் சேர்க்கைப் பேரணி போகிறார்கள், பறை அடிக்கிறார்கள், மாலை போட்டு வரவேற்கிறார்கள். போட்டி இரண்டு ஆண்டுக்கு முன்பே முடிந்துவிட்டது.

2019-ல் 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். நல்ல தொடக்கம். பிறகு அதை எடுக்கப் பார்த்தார்கள், எதிர்ப்பு வந்ததும் ஐயாயிரம் ரூபாய்த் தொகுப்பூதியத்தில் தற்காலிக ஆசிரியர்களை வைத்தார்கள். ஐயாயிரத்துக்கு யார் மனம் ஊன்றி வேலை பார்ப்பார்கள்?

இன்னொன்று. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காட்டு இடத்துக்கு அரசே பணம் கட்டி ஏழைப் பிள்ளைகளைத் தனியார் பள்ளிக்கு அனுப்புகிறது. "அங்கே படித்தால்தான் நல்லது" என்று அரசே சான்றிதழ் கொடுத்த மாதிரி ஆகவில்லையா? பிறகு எங்களைக் குறை சொல்வதில் என்ன நியாயம்?

பழைய சிலேட்டு

ஓய்வுபெற்ற தலைமையாசிரியன். கொஞ்சம் பழங்கதை சொல்லப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1953-ல் ராஜாஜி அரை நாள் பள்ளித் திட்டம் கொண்டுவந்தபோது ஆசிரியர் போதவில்லை, பணம் போதவில்லை என்பதுதான் காரணமாகச் சொல்லப்பட்டது. ஆயிரக்கணக்கில் பள்ளிகளும் மூடப்பட்டிருந்தன. அடுத்த ஆண்டு காமராசர் வந்தார், திட்டத்தைக் கைவிட்டார், மூடியவற்றைத் திறந்தார், நடந்து போகும் தூரத்தில் புதிய பள்ளிகளைத் தொடங்கினார். பணம் அப்போதும் போதவில்லை. பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தி ஊராரிடமே பெஞ்சும் நாற்காலியும் கடிகாரமும் கொடையாகப் பெற்றார். மதிய உணவு அப்படித்தான் ஊர் கை கொடுத்துத் தொடங்கியது. 1982-ல் எம்.ஜி.ஆர். அதைப் பெரிதாக்கினார். ஒவ்வொருவரும் முந்தையவர் வைத்ததன் மேல் ஓர் அடுக்கு வைத்தார்கள். உணவில் அது நடந்தது. கற்பித்தலில் நடக்கவில்லை.

நான் பணியில் இருந்தபோது செயல்வழிக் கற்றல் வந்தது. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003 வாக்கில் தொடங்கி, 2007-க்குப் பிறகு மாநிலமெங்கும் பரவியது. தரையில் வட்டமாக உட்கார்ந்து, அட்டைகளை எடுத்து, ஏணிப் படத்தில் தன் இடத்தைப் பிள்ளையே பார்த்துக்கொள்ளும். பல வயதுப் பிள்ளைகள் ஒரே அறையில் இருக்கும் பள்ளிக்கென்றே பிறந்த முறை அது. ஆசிரியர்கள் பிடி கிடைத்து நடத்தத் தொடங்கிய நேரத்தில் பாடநூல் மாறியது, அட்டைகள் பரணுக்குப் போயின. இப்போது எண்ணும் எழுத்தும். 6 முதல் 9-ஆம் வகுப்பு வரை 'திறன்' திட்டம். ஒரு கஷாயம் இறங்குவதற்குள் அடுத்த வைத்தியர் வந்துவிடுகிறார்.

ஒன்று கசப்பாக இருக்கும், சொல்லிவிடுகிறேன். நம் ஆசிரியர்களில் எத்தனை பேர் தங்கள் பிள்ளைகளைத் தங்கள் பள்ளியிலேயே படிக்கவைக்கிறார்கள்? ஊரார் இதையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஈராசிரியர்

என் மகள் அரசுப் பள்ளியில்தான் ஐயா. ஆனால் என் பள்ளியில் இல்லை. ஐந்து ஆசிரியர் உள்ள நடுநிலைப் பள்ளியில். நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

கணக்குப்பிள்ளை

இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன். 2025 பன்னிரண்டாம் வகுப்பில் மாநிலத் தேர்ச்சி 95.03, அரசுப் பள்ளிகளில் 91.94. கல்லூரிக்குப் போகும் விகிதம், 2021-22 அகில இந்தியக் கணக்கெடுப்பில் தமிழ்நாடு 47, நாடு முழுவதுமாக 28.4. இது ஒரு பக்கம்.

மறுபக்கம், பிரதம் தொண்டு அமைப்பின் ஏசர் ஆய்வு. மூன்றாம் வகுப்புப் பிள்ளை இரண்டாம் வகுப்புப் பத்தியைப் படிக்கிறதா என்று வீட்டில் போய்க் கேட்கிறார்கள். 2022-ல் தமிழ்நாட்டில் ஐந்து விழுக்காட்டைக்கூட அது தொடவில்லை. கொரோனாவில் பள்ளிகள் நீண்ட நாள் மூடிக் கிடந்ததன் அடி அது. 2024-ல் பத்தைத் தாண்டியது. தன்னார்வலர்கள் மாலையில் நடத்திய இல்லம் தேடிக் கல்வியும் எண்ணும் எழுத்தும் பலன் தந்ததன் அடையாளம் என்றே நான் படிக்கிறேன். ஆனாலும் பத்தைத் தாண்டியதற்குக் கைதட்டும் நிலையிலா இருக்கிறோம்?

ஏசர் கிராமங்களில் மட்டும் எடுப்பது, பத்தி கடினம், மாநில அரசின் சொந்த அடைவு ஆய்வு வேறு சொல்கிறது என்று மறுப்புகள் உண்டு. சில நியாயமானவை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அதே ஆய்வில் தனியார் பள்ளிப் பிள்ளைகளின் தமிழ் வாசிப்பும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. வேனில் ஏறுபவர்கள் வாங்குவது வாசிப்புத் திறனை அல்ல என்பதற்கு இதுவே சான்று. கொங்குத் தகப்பன் கோபித்துக்கொள்ளக் கூடாது.

கரிசல்வாசிக்கு ஒரு கேள்வி. பதினைந்து பிள்ளைக்கு ஐந்து ஆசிரியர் என்றால் மூன்று பிள்ளைக்கு ஒருவர். எந்த நிதிச் செயலர் கையெழுத்துப் போடுவார்?

வடகரை

போட மாட்டார், போடவும் கூடாது. அதனால்தான் இணைப்பைப் பற்றிப் பேச வேண்டும். அந்தச் சொல்லைக் கேட்டாலே பள்ளி மூடல் என்று கொடி பிடிக்கிறோம்.

எங்கள் டெல்டாவில் மூன்று கிலோமீட்டருக்குள் நான்கு தொடக்கப் பள்ளிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் பதினைந்து பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள். நான்கையும் ஒன்றாக்கினால் அறுபது பிள்ளைகள், எட்டு ஆசிரியர்கள். வகுப்புக்கு ஒருவர், அதற்கு மேல் எல்.கே.ஜி., யு.கே.ஜி.க்கு ஆள், ஒருவர் தேர்தல் வேலைக்குப் போனாலும் பள்ளி தள்ளாடாது. புதிதாக ஒரு ரூபாய்ச் சம்பளமும் வேண்டாம். இரண்டு வேன் வாங்கி ஓட்டுவதுதான் செலவு. தனியார் பள்ளி செய்வதும் இதைத்தானே? பத்து ஊர்ப் பிள்ளைகளைச் சேர்த்து ஓரிடத்தில் வைத்து, வகுப்புக்கு ஓர் ஆசிரியர் போடுகிறார்கள். அதை அரசு செய்தால் மட்டும் ஏன் துரோகம்?

கேரளத்தில் 2017-ல் பொதுக் கல்விப் பாதுகாப்பு இயக்கத்தைத் தொடங்கியபோது இடைத்தட்டுக் குடும்பங்கள் அரசுப் பள்ளிக்குத் திரும்பின. பள்ளி பெரிதாகவும் உயிரோடும் இருந்தால்தான் திரும்புவார்கள். (பிறப்பு குறைந்து அங்கும் இப்போது ஒன்றாம் வகுப்புச் சேர்க்கை சரிகிறது என்பது வேறு விஷயம்.)

நீலமலை

சமவெளிக்காரர்கள் வரைபடத்தில் கோடு போட்டுப் பேசுகிறீர்கள். கூடலூர்ப் பக்கம் ஒரு கிலோமீட்டர் என்பது தேயிலைத் தோட்டத்துக்கும் காட்டுக்கும் நடுவே போகும் பாதை. காலையில் யானை நின்றால் அன்றைக்குப் பள்ளி இல்லை. இங்கே பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி இருந்துதான் ஆக வேண்டும். போக்குவரத்துப் படி தருகிறோம் என்பார்கள். ஜீப்காரருக்கு மாதக்கணக்கில் பணம் வராவிட்டால் அவர் வண்டியை எடுக்க மாட்டார். பழங்குடிப் பிள்ளை ஒரு வாரம் நின்றால் பிறகு வருவதே இல்லை.

கீழத்தெரு

வடகரை அவர்களே, நான்கு பள்ளியை ஒன்றாக்குவீர்கள், சரி. எந்தப் பள்ளியில்?

யாரும் கேட்காததால் கேட்கிறேன். எங்கள் பகுதியில் ஊருக்குள் ஒன்றியப் பள்ளி, குடியிருப்பில் ஆதிதிராவிடர் நலப் பள்ளி. இரண்டிலும் பிள்ளைகள் குறைவு. எங்கள் பள்ளிக் கட்டடம் புதியது, மைதானம் பெரியது, பேருந்து நிறுத்தம் பக்கம். இணைப்பதென்றால் நியாயப்படி எங்கள் இடத்தில்தான் இணைக்க வேண்டும். ஊர்க்காரர்கள் பிள்ளையை எங்கள் தெருவுக்கு அனுப்புவார்களா? மறுநாளே வேனில் ஏற்றிவிடுவார்கள். ஆகவே எங்கள் பிள்ளைகளைத்தான் அங்கே போகச் சொல்வார்கள். போனால் எப்படி நடத்துவார்கள் என்பதற்கு 2023-ல் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவரை வீடு புகுந்து வெட்டியதே போதும். அது நடந்தது ஒரே பள்ளியில் படித்த மாணவர்களுக்குள்.

மாநிலத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் இருக்கின்றன. மதுரை, தேனி, திண்டுக்கல்லில் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள். எல்லாவற்றையும் பள்ளிக் கல்வித் துறையின் கீழ் கொண்டுவருவோம் என்று 2023-24 நிதிநிலை அறிக்கையிலேயே அறிவித்தார்கள். நீதியரசர் சந்துரு குழுவும் 2024-ல் அதையே பரிந்துரைத்தது. இரண்டு தரப்பிலும் எதிர்ப்பு வந்தது, கோப்பு அப்படியே கிடக்கிறது. துறைகளையே ஒன்றாக்க முடியாதவர்கள் தெருக்களை எப்படி ஒன்றாக்குவார்கள்?

எங்கள் பள்ளிக்கு ஓர் ஆங்கில ஆசிரியர் வேண்டும் என்று கேட்டால் அது வேறு துறை என்கிறார்கள். பணிநிரவலும் அந்தத் துறைக்குள்ளேயே. துறை இணைப்பை நான் ஆதரிக்கிறேன். பள்ளி இணைப்பு என்றால் இடத்தைச் சொல்லிவிட்டுப் பேசுங்கள்.

வடகரை

நியாயமான கேள்வி. இரண்டு தெருவுக்கும் பொதுவான புறம்போக்கில் புதிய பள்ளி என்பதுதான் எனக்குத் தோன்றும் வழி. செலவு கூடும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இப்போது இருக்கும் ஏற்பாடும் சாதி பார்த்துப் பிரிந்த பள்ளிகள்தாமே? அதைக் காப்பாற்றுவதா நம் வேலை?

கீழத்தெரு

காப்பாற்றச் சொல்லவில்லை. உடைப்பதற்கான விலையை எங்கள் பிள்ளைகள் மட்டும் கொடுக்கக் கூடாது என்கிறேன்.

தென்காசித் தூறல்

இத்தனை பேசுகிறீர்கள், 2,152 கோடி ரூபாயைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே. பிரதமர் ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் கையெழுத்துப் போடவில்லை என்பதற்காக 2024-25-க்கான ஒருங்கிணைந்த கல்வித் திட்ட நிதியை மத்திய அரசு நிறுத்திவைத்தது. மாநிலம் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. பணத்தை நிறுத்திவிட்டு ஆசிரியர் இல்லை, மானியம் இல்லை என்று பேசுவதில் பொருளில்லை.

மெய்க்காப்பாளன்

கையெழுத்திடுகிறோம் என்று 2024 மார்ச்சில் கடிதம் எழுதியது யார்? எழுதிவிட்டுப் பின்வாங்கினால் அவர்கள் சும்மா விடுவார்களா? இரண்டு பக்கமும் அரசியல் செய்கிறது.

தென்காசித் தூறல்

தேசியக் கல்விக் கொள்கையை முழுதாக ஏற்க வேண்டும் என்ற பத்தியைச் சேர்த்தார்கள், அதனால் மறுத்தது மாநிலம். குழந்தைகளின் பணத்தைப் பிணை வைப்பது எந்த ஊர் நியாயம்?

நெறியாளர்

இதற்கு மேல் இந்தத் திசையில் போனால் நாற்பது பதிவுகளுக்குக் கட்சிச் சண்டைதான் மிஞ்சும். நிதி வழக்குக்குத் தனி இழை இருக்கிறது, அங்கே போகவும். இவற்றை அடுத்து வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். யாருடைய குடும்பத்தையும் இழுக்க வேண்டாம்.

பெரம்பூர்க்காரி

நகரத்துக் கதையும் கொஞ்சம். கொரோனா காலத்தில் கட்டணம் கட்ட முடியாமல் லட்சக்கணக்கான பிள்ளைகள் அரசுப் பள்ளிக்கு வந்தார்கள். அவர்களைப் பிடித்து வைத்துக்கொள்ள அதைவிட நல்ல வாய்ப்பு இனி வராது. இட நெருக்கடி, ஒரு பிரிவில் அறுபது பேர், பாட ஆசிரியர் இல்லை என்று கைநழுவ விட்டோம்.

இப்போது எங்கள் மாநகராட்சிப் பள்ளியில் பீகார், ஒடிசா, மேற்கு வங்கத் தொழிலாளர்களின் பிள்ளைகள் வருகிறார்கள். திருப்பூரிலும் இப்படித்தான் என்கிறார்கள். ஆறு மாதத்தில் தமிழ் பேசுகிறார்கள், ஓராண்டில் எழுதுகிறார்கள். உள்ளூர்ப் பிள்ளைகள் குறையும் இடத்தில் இவர்கள்தாம் நாளைய மாணவர்கள். இவர்களுக்கு முதல் ஆண்டில் தமிழ் கற்பிக்கத் தனியாகப் பயிற்சி பெற்ற ஆசிரியர் யாரும் எங்கள் பள்ளியில் இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைதான் மொழிபெயர்ப்பாளர்.

பகுதிநேரம்

நான் 2012-ல் பகுதிநேர ஓவிய ஆசிரியராக வந்தேன். அப்போது எடுத்தவர்கள் 16,549 பேர். சம்பளம் ஐயாயிரம். 2025-ல் 12,500. தேர்தல்தோறும் நிரந்தரம் என்கிறார்கள். 2025 மே மாதமும் சம்பளம் இல்லை. என் பள்ளியில் ஓவிய வகுப்பு வாரத்துக்கு மூன்று அரை நாள். மற்ற நாட்களில் பதாகைக் கடையில் வேலை.

2009 ஜூன் முதல் தேதிக்குப் பிறகு பணியில் சேர்ந்த இடைநிலை ஆசிரியர்கள் சம வேலைக்குச் சம ஊதியம் கேட்டு எத்தனை முறை சென்னையில் உட்கார்ந்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு நாள் வித்தியாசத்தில் சேர்ந்தவர்கள் ஒரே அறையில் வேறு வேறு அடிப்படைச் சம்பளத்தில். அதற்கு மேல் இப்போது, ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் பணிக்காலம் உள்ளவர்கள் எல்லாரும் இரண்டாண்டில் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் முதல் தேதி சொல்லிவிட்டது. இருபதாண்டு பாடம் நடத்தியவர்கள் பிள்ளைகளின் குறிப்பேட்டைத் திருத்துவதை விட்டுவிட்டுக் குழந்தை மேம்பாடும் கற்பித்தலும் என்ற வழிகாட்டி நூலை மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறார்கள்.

கரிசல்வாசி

நிறையப் பேசிவிட்டீர்கள். கணக்குப்பிள்ளையின் கேள்விக்கு என் பதில்: எல்லாப் பள்ளிக்கும் ஐந்து ஆசிரியர் இன்றே கேட்கவில்லை. தமிழ்நாட்டில் சுமார் 12,500 ஊராட்சிகள். ஊராட்சிக்கு ஒரு தொடக்கப் பள்ளியிலாவது வகுப்புக்கு ஓர் ஆசிரியர், அதற்கு முன் எல்.கே.ஜி., யு.கே.ஜி., அதற்கும் முறையான ஊதியத்தில் ஆசிரியர். ஐந்தாண்டுக்குத் தலை எண்ணிக்கை பார்க்கக் கூடாது, பணிநிரவலுக்கு விலக்கு. மற்ற சிறு பள்ளிகளை மூட வேண்டாம். அவற்றில் ஒன்று, இரண்டு வகுப்புகள் மட்டும் வீட்டுப் பக்கத்திலேயே இருக்கட்டும். மூன்றாம் வகுப்பிலிருந்து ஊராட்சிப் பள்ளி, அரசு வேன். மலைப் பகுதிகளுக்கு இது பொருந்தாது. அங்கே இருப்பது இருக்கட்டும், ஆள் மட்டும் கூடட்டும். கீழத்தெரு கேட்ட இடப் பிரச்சினையில், எந்தப் பள்ளியின் வசதி அதிகமோ அதுவே ஊராட்சிப் பள்ளி என்று அரசாணையிலேயே எழுதிவிட வேண்டும். அது எந்தத் தெருவில் இருந்தாலும். ஆட்சியர் பேச்சுவார்த்தைக்கு விட்டால் எப்போதும் ஒரே பக்கம்தான் விட்டுக்கொடுக்கும்.

ஈராசிரியர்

ஒரு ஓட்டை இருக்கிறது ஐயா. படிக்கக் கற்பது ஒன்றிலும் இரண்டிலும்தான். அந்த இரண்டு வகுப்பையும் ஓராசிரியர் பள்ளியில் விட்டுவிட்டு மூன்றாம் வகுப்பில் ஆசிரியரைக் கொட்டினால் காலம் கடந்துவிடும். 'மரத்தில்' என்று படிக்காத பிள்ளை வேனில் ஏறிப் போனாலும் படிக்காது. தலைகீழாகச் செய்யுங்கள்: சிறிய பள்ளியில் இரண்டு வகுப்புக்கு இரண்டு ஆசிரியர் அப்படியே இருக்கட்டும். மேல் மூன்று வகுப்புக்குத்தான் கூடுதல் ஆள் வேண்டும். 2024 ஜூலையில் பத்தாண்டுக்கும் மேலான இடைவெளிக்குப் பிறகு 2,768 இடைநிலை ஆசிரியர் இடங்களுக்குத் தேர்வு நடந்தது. ஆண்டுதோறும் அந்த அளவுக்கு எடுத்தாலே சில ஆண்டில் ஒப்பேற்றிவிடலாம்.

கணக்குப்பிள்ளை

இது கையெழுத்தாகக்கூடிய திட்டம். வேனுக்கு ஓட்டுநர், எரிபொருள், காப்பீடு, உடன் செல்லும் உதவியாளர் என்று ஒன்றியத்துக்கு ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். காலை உணவை மகளிர் குழுவிடம் விட்டதுபோல் வேனையும் அவர்களிடமே விடலாமா என்று யோசியுங்கள்.

கொங்குத் தகப்பன்

எங்கள் ஊராட்சியில் இது வந்தால் இரண்டாவது பிள்ளையைக் கொண்டுவந்து சேர்ப்பேன். அறிவிப்பை நம்பி வர மாட்டேன். ஆசிரியர் வந்து ஓராண்டு இருக்கட்டும், பார்க்கிறேன்.

பழைய சிலேட்டு

எல்லாரும் ஓராண்டு பார்க்கிறேன் என்றால் அந்த ஓராண்டுக் கணக்கில் தலை குறைந்து ஆசிரியர் போய்விடுவார். ஊரில் பத்துக் குடும்பம் சேர்ந்து ஒரே நாளில் வர வேண்டும். நெ.து.சு. காலத்தில் பெஞ்சு கேட்டோம். இப்போது பிள்ளையைக் கேட்க வேண்டியிருக்கிறது.

கரிசல்வாசி

பணிநிரவல் விலக்குக் கேட்டு எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட நினைக்கிறேன். பெற்றோர் செயலியில் ஏற்றினால் போதுமா, கிராம சபையிலும் வைக்க வேண்டுமா? வட்டாரக் கல்வி அலுவலர் அளவிலேயே நின்றுவிடுகிறது என்று கேள்விப்படுகிறேன்.

ஈராசிரியர்

இரண்டிலும் வையுங்கள். செயலியில் ஏறும் தீர்மானத்தில் சுற்றுச்சுவரும் குடிநீரும் உடனே நகரும்; ஆசிரியர் கோரிக்கை 'பரிசீலனையில்' என்று நிற்கும். ஜனவரி 26 கிராம சபையில் பொதுப்பொருளாக வைத்துப் பதிவேட்டில் எழுதச் சொல்லி நகல் வாங்கிக்கொள்ளுங்கள். அதோடு ஊரில் இருக்கும் மூன்று, நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகளின் பட்டியலை அங்கன்வாடிப் பணியாளரிடமிருந்து வாங்கி இணையுங்கள். பெயர் வேண்டாம், பிறந்த ஆண்டும் எண்ணிக்கையும் போதும். மார்ச் முதல் தேதி சேர்க்கை தொடங்கும்போது அந்தப் பட்டியல் உங்கள் கையில் இருந்தால், ஆகஸ்ட் கணக்கில் எத்தனை தலை வரும் என்று அவர்களுக்கு முன்பே நீங்கள் சொல்லலாம்.